மன்னார்க் கடலடியில் எரியும் பனிக்கட்டி: எங்கள் அரசு காசு போட வேண்டுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: மன்னார்க் கடலுக்கு அடியில் எரியும் பனிக்கட்டி, அதாவது மெதேன் ஐதரேற்று, கொட்டிக் கிடக்கிறதாம், அமெரிக்கா, யப்பான், சீனா, இந்தியா எல்லாம் அதை ஆராயக் காசு போடும்போது, 2022இல் கேஸுக்காகத் தெருவில் நின்ற எங்கள் இலங்கை ஏன் சும்மா இருக்கிறது? கூடவே, அதைத் தோண்டினால் சுனாமி வரும் என்கிறார்களே, அதுவும் உண்மையா? இதில் விஞ்ஞானம் சொல்லக்கூடியது ஒரு பகுதிதான். பலன் வருமா வராதா என்று யாராலும் கையடித்துச் சொல்ல முடியாத ஒரு விஷயத்துக்குப் பொதுமக்களின் காசைப் போடலாமா, போட்டால் எவ்வளவு, எதற்கு என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். நான் பேராதனையில் புவிச்சரிதவியல் படித்து, பிறகு இருபது வருடத்துக்கு மேல் கடலடிச் சீஸ்மிக் பதிவுகளை, அதாவது கடலடிக்குள் ஒலியலை அனுப்பித் திரும்பும் எதிரொலியின் பதிவுகளை, வாசிக்கிற வேலையில் இருந்தவன். ஐதரேற்றுக்காகத் துளையிட்ட கப்பல் எதிலும் நான் போனதில்லை, பொருளாதாரமும் என் துறை இல்லை. அந்த இரண்டு இடங்களிலும் நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பொருளைப் பார்ப்போம். முதுமாணிப் படிப்புக்காக வெளிநாட்டில் இருந்தபோது, ஆய்வுகூடத்தில் செய்த ஒரு துண்டை மிகக் கிட்டத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். திரவ நைதரசனில் இருந்து இடுக்கியால் தூக்கி, தடித்த கையுறையின் மேல் வைத்தார்கள். குளிரூட்டிப் பெட்டியின் ஓரத்தில் படிந்து இறுகிய பழைய உறைபனி மாதிரி வெள்ளையாக, பொருபொருவென்று இருந்தது. காதுக்குக் கிட்டக் கொண்டுபோனால் சோடாப் போத்தல் திறந்த பிறகு வருகிற அந்த மெல்லிய இரைச்சல் கேட்டது. தீக்குச்சியைக் காட்டியதும் மஞ்சள் சுவாலை எழும்பியது, அடியில் தண்ணீர் சொட்டியது. நெருப்புக்குக் கீழே தண்ணீர் சொட்டுவதைக் கண்ணால் கண்டவர்களுக்கு அது மறக்காது. தண்ணீர் மூலக்கூறுகள் கூடு கட்டி, கூட்டுக்குள் மெதேனைப் பூட்டி வைத்திருக்கின்றன, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கூடு நிலைக்கக் குளிரும் வேண்டும், அமுக்கமும் வேண்டும். 0 பாகை செல்சியஸில் வளிமண்டல அமுக்கத்தைப் போல் சுமார் 26 மடங்கு தேவை. அதனால்தான் துருவப் பகுதியின் உறைந்த நிலத்துக்கு அடியிலும், ஆழ்கடல் அடியிலும்தான் பெரும்பாலும் இருக்கிறது.

ஆசை எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு கன மீற்றர் ஐதரேற்றை உடைத்தால் சாதாரண அமுக்கத்தில் சுமார் 160 கன மீற்றர் மெதேன் வரும். அதன் வெப்பம் எங்கள் வீடுகளில் இருக்கும் 12.5 கிலோ சிலிண்டர் பத்துக்குச் சமம். 2022இல் வெள்ளவத்தையில் நானும் வரிசையில் நின்றேன். ஆள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருவதற்காக வெற்றுச் சிலிண்டர்களின் கைபிடிகளுக்குள் ஒரே சங்கிலியைக் கோர்த்துப் பூட்டுப் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய காகிதத் துண்டு, மழையில் மை கரைந்து. அந்த நாளில் யாராவது வந்து ஒரு மேசை அளவு கட்டிக்குள் பத்துச் சிலிண்டர் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் நாங்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்போம். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: சிலிண்டரில் வருவது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு. கடலடியில் இருப்பது மெதேன். அது நாளைக்கே கரைக்கு வந்தாலும் சிலிண்டரில் நிரப்பி வீட்டுக்கு அனுப்ப முடியாது; குழாய் வலையமைப்பு வேண்டும், அல்லது மின்நிலையத்துக்குக் கொடுக்க வேண்டும். ஆக, அந்த வரிசைக்கு இது மருந்தில்லை.

இனி, உறுதியாகத் தெரிந்தது. ஐதரேற்றில் இருந்து வாயு எடுக்க முடியும், இதில் சந்தேகமே இல்லை. கனடாவின் மக்கென்சி கழிமுகத்தில் மல்லிக் என்ற இடத்தில் 2008இல் ஆறு நாள் தொடர்ந்து எடுத்தார்கள். கடலில் முதல் தடவை 2013 மார்ச்சில், யப்பானின் நன்காய் அகழியில், சுமார் 1000 மீற்றர் ஆழத் தண்ணீரில், சிக்யூ என்ற துளையிடும் கப்பலில் இருந்து செய்தார்கள். முறை கேட்க எளிமையானது: கிணற்றுக்குள் இருக்கும் தண்ணீரைப் பம்பு செய்து அமுக்கத்தைக் குறைத்தால் கூடு தானாக உடையும். உடையும்போது சுற்றியிருக்கிற வெப்பத்தை உறிஞ்சும், அதனால் தன்னைத் தானே குளிராக்கி, உடைவதை மெதுவாக்கும். அதற்கும் மேல், மணலை மணலோடு ஒட்டி வைத்திருந்ததே அந்த ஐதரேற்றுதான்; அது போனதும் மணல் கிணற்றுக்குள் வந்துவிடும். 2013இல் ஆறாம் நாள் அந்த மணல்தான் வேலையை நிறுத்தியது. அதற்குள் கிடைத்தது சுமார் 120,000 கன மீற்றர். 2017இல் மறுபடியும் போனார்கள்; ஒரு கிணறு மீண்டும் மணலால் 12 நாளில் நின்றது, மற்றது 24 நாள் ஓடியது. அதே வருடம் சீனா தென்சீனக் கடலின் ஷென்ஹூ பகுதியில் 60 நாள் ஓட்டியது, 2020இல் கிடைக் கிணறு போட்டு 30 நாளில் 861,400 கன மீற்றர் எடுத்தது. கடலில் செய்த சோதனைகளில் இது பெரிய பாய்ச்சல், அந்தப் பொறியியலாளர்கள் மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு.

ஆனால் அந்த எண்ணைக் கொழும்புக்குக் கொண்டுவந்து பாருங்கள். 861,400ஐ 30ஆல் பிரித்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 28,700 கன மீற்றர். அதை நல்ல மின்நிலையம் ஒன்றில் எரித்தால் 6 மெகாவாற்று அளவில் மின் வரும். வாயுவிலும் ஓடக்கூடியதாகக் கட்டி, வாயு இல்லாததால் எண்ணெயில் ஓடிவந்த கெரவலப்பிட்டி யுகதனவி நிலையம் 300 மெகாவாற்று. அதை முழுதாக ஓட்ட இப்படி ஐம்பது ஆழ்கடல் கிணறு வேண்டும். ஒரு நல்ல சாதாரண வாயுக் கிணறு கடலில் நாளொன்றுக்குப் பத்து லட்சம் கன மீற்றர் கொடுக்கும் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உலகில் எந்த இடத்திலும் கடலடி ஐதரேற்றில் இருந்து வணிக ரீதியான உற்பத்தி இல்லை என்பதற்கு இதைவிட நீண்ட விளக்கம் தேவையில்லை.

சந்தேகமானது எது என்றால், நீங்கள் செய்திகளில் பார்க்கும் அந்த மொத்தத் தொகைகள். உலகின் நிலக்கரி, எண்ணெய், வாயு எல்லாவற்றிலும் இருக்கும் காபனைப் போல் இரண்டு மடங்கு ஐதரேற்றில் இருக்கிறது என்று இப்போதும் எழுதுகிறார்கள். அது 1980களின் மதிப்பீடு, அப்போது துளையிட்டுப் பார்த்த இடங்கள் மிகக் குறைவு. பின்னால் வந்த மதிப்பீடுகள் பல மடங்கு குறைந்திருக்கின்றன, இன்றும் ஒன்றுக்கொன்று பெரிய இடைவெளியோடுதான் நிற்கின்றன. அதைவிட முக்கியமானது, இருக்கிற ஐதரேற்றில் பெரும்பகுதி களிமண்ணுக்குள் மெல்லிய நரம்புகளாகவும் தூளாகவும் பரவிக் கிடக்கிறது. களிமண்ணுக்குள் வாயு நகராது, அதை எடுக்க வழியில்லை. எடுக்கக்கூடியது மணல் படைகளில் செறிந்திருப்பது, அது மொத்தத்தில் சின்னப் பங்கு. ஆகவே "இத்தனை டிரில்லியன் கன அடி" என்று ஒரு தலைப்பைப் பார்த்தால், மணலிலா களியிலா என்று முதலில் கேளுங்கள்.

சரி, அப்படியென்றால் அரசாங்கங்கள் ஏன் காசு போடுகின்றன? கம்பனிகள் போடாததால்தான். ஒரு கம்பனி ஐதரேற்றைப் பற்றிக் கண்டுபிடிப்பதைத் தனக்கு மட்டும் வைத்திருக்க முடியாது, பலன் வருவதானால் இருபது முப்பது வருடம் ஆகும், அவ்வளவு காலம் காத்திருக்கும் பங்குதாரர் யாரும் இல்லை. எண்ணெய்க் கம்பனிகளுக்கு ஐதரேற்று நீண்டகாலமாகத் தொல்லையாகத்தான் தெரியும். 1934இலேயே ஹம்மர்ஷ்மிட் என்பவர் வாயுக் குழாய்களை அடைப்பது பனியில்லை, ஐதரேற்று என்று காட்டினார். 2010இல் மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் விபத்தில் எண்ணெய் பீறிட்டபோது, கசிவின் மேல் இறக்கிய பெரிய இரும்புக் கூண்டை அடைத்துத் தோற்கடித்ததும் இதே ஐதரேற்றுத்தான். எனவே அறிவதற்கான செலவை அரசுதான் ஏற்க வேண்டும் என்ற வாதம் எனக்குச் சரியாகவே படுகிறது. இறுகிய களிப்பாறைக்குள் அடைபட்டிருக்கும் ஷேல் வாயுவும் அப்படித்தான் தொடங்கியது. 1970களில் அமெரிக்க எரிசக்தித் துறை போட்ட ஆராய்ச்சிக் காசு, கம்பனிகளின் கைக்குப் பலனாகப் போய்ச் சேர இரண்டு மூன்று தசாப்தம் எடுத்தது.

அமெரிக்கக் கணக்கைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள், அதில் ஒரு பாடம் இருக்கிறது. 2000இல் மெதேன் ஐதரேற்று ஆராய்ச்சிச் சட்டம் வந்தது. ஐந்து வருடத்துக்கு 47.5 மில்லியன் டொலர் வரை செலவிட அனுமதி. 2005இன் எரிசக்திச் சட்டம் அதை அடுத்த ஐந்து வருடத்துக்கு 155 மில்லியன் ஆக்கியது. ஆனால் அனுமதி வேறு, கையில் கொடுக்கும் காசு வேறு. வருடாவருடம் உண்மையில் ஒதுக்கியது அதைவிட நிறையக் குறைவு. அமெரிக்கா போன்ற நாட்டுக்கு ஒரே ஒரு ஆழ்கடல் கிணற்றின் செலவை ஒத்த தொகை அது. அதைக் கொண்டு அலாஸ்காவில் 2007இலும் 2012இலும் சோதனைக் கிணறுகள், பிறகு யப்பானோடு சேர்ந்து 2023இல் தொடங்கிப் பல மாதம் ஓடிய நீண்ட சோதனை, அதோடு அமுக்கம் குறையாமல் மண் மாதிரியை மேலே கொண்டுவரும் கருவிகள் எல்லாம் வந்தன. யப்பான் 2001இல் எம்எச்21 என்ற கூட்டமைப்பைத் தொடங்கி இதைவிடப் பெரிதாகப் போட்டது. எரிபொருளை ஏறக்குறைய முழுவதும் கப்பலில் இறக்கும் நாடு, அதற்குக் காரணம் இருக்கிறது. கனடாவோ மல்லிக்கில் உலகத்துக்கே வழி காட்டிவிட்டு 2013இல் நிறுத்திக்கொண்டது, ஏனென்றால் அங்கே சாதாரண வாயுவே மலிவாகப் பெருகிவிட்டது. கனடா தோற்றது என்று நான் சொல்லமாட்டேன். தேவைப்பட்ட விடை கிடைத்தது, நிறுத்தினார்கள்.

எங்களுக்குக் கிட்டத்து உதாரணம் இந்தியா. 1997இல் தேசிய திட்டம் தொடங்கியது. முதலில் தன் கடலில் துளையிடப் போகவில்லை, 2002இல் மல்லிக் சோதனையில் ஒரு பங்காளியாகப் போய் இருந்து பார்த்தது. 2006இல் கிருஷ்ணா–கோதாவரி, மகாநதி, அந்தமான் கடல்களில் முதல் பயணம். கிருஷ்ணா–கோதாவரியில் ஒரு இடத்தில் ஐதரேற்று உள்ள படை 128 மீற்றர் தடிப்பாகக் கிடைத்தது, ஆனால் வெடிப்பு விழுந்த களியில். மணலில் இருக்கும் இடங்களைத் தேடி 2015இல் மறுபடி போய்க் கண்டுபிடித்தார்கள். இரண்டு பயணத்துக்கும் நடுவே ஒன்பது வருடம். சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் இதற்காக 6000 மீற்றர் வரை இறங்கும் ஆளில்லா ஊர்தி முதற்கொண்டு செய்து பழகியது. வாயு ஒரு அடுப்புக்கும் வரவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் ஆழ்கடலில் வேலை செய்யத் தெரிந்த ஒரு தலைமுறை அங்கே உருவாகியிருக்கிறது, அதை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன்.

காலநிலை விஷயம் சுருக்கமாக. மெதேன் எரிந்தால் காபனீரொட்சைட்டு வரும், நிலக்கரியில் வருவதில் ஏறக்குறைய அரைவாசி. ஆனால் எரியாமல் கசிந்தால், இருபது வருடக் கணக்கில் காபனீரொட்சைட்டைப் போல் எண்பது மடங்கு சூடேற்றும். கடல் வெப்பமாகி ஐதரேற்று எல்லாம் ஒரேயடியாக வெளியேறும் என்ற பயத்தை இன்றைய ஆய்வுகள் பெரிதாக ஆதரிக்கவில்லை; ஆழத்தில் வெளிவருவதில் பெரும்பகுதியைக் கடல்நீரில் உள்ள நுண்ணுயிர்கள் மேலே வரும் முன்னரே தீர்த்துவிடுகின்றன. சுனாமிக்கும் இதே நிலைதான். நோர்வேக்கு அப்பால் சுமார் 8000 வருடத்துக்கு முன்பு நடந்த ஸ்டொரெக்கா கடலடிச் சரிவும் சுனாமியும் உண்மை. அதற்கு ஐதரேற்று காரணமா என்பது இன்று பலமான கருத்தில்லை. 2004இல் எங்கள் கரைக்கு வந்தது சுமாத்திராவுக்கு அப்பால் புவித்தட்டு நகர்ந்ததால் வந்தது, இதோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒரு சோதனைக் கிணறு சுனாமியைக் கிளப்பும் என்று பயப்படக் காரணம் இல்லை.

இனி மன்னாருக்கு வருவோம். அங்கே 2011இல் கெயார்ன் நிறுவனம் டொராடோ, பரகுடா என்ற இரு இடங்களில் சாதாரண இயற்கை வாயுவைக் கண்டுபிடித்தது, 2015இல் விலகிப் போனது. அந்த வாயு இன்னும் கடலடியில்தான் இருக்கிறது. டொராடோவில் தண்ணீர் ஆழம் 1300 மீற்றருக்கு மேல், அடியில் குளிர் 5 பாகையை ஒட்டி. அந்த ஆழத்தில் கடலடிக்குக் கீழே சில நூறு மீற்றர் வரை ஐதரேற்று நிலைக்கக்கூடிய அமுக்கமும் வெப்பநிலையும் உண்டு, கணக்குப் போட்டாலே தெரியும். நிலைக்க முடியும் என்பதும் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. மெதேனும் வேண்டும், அது மேலே வர வழியும் வேண்டும், தங்க மணலும் வேண்டும். சீஸ்மிக் பதிவில் நாங்கள் தேடும் அடையாளம் ஒன்று இருக்கிறது: கடலடியின் வளைவை அப்படியே பின்பற்றி, உண்மையான மண் படைகளைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போகும் ஒரு கோடு, அலையின் குறி கடலடிக்கு எதிராகத் திரும்பியிருக்கும். இந்த வேலையில் நான் கண்டது, அந்தக் கோட்டை விரும்புகிறவன் கண்ணுக்கு அது எங்கும் தெரியும். அடையலில், அதாவது கடலடியில் படிந்த மண்ணில், சிலிக்கா மாறும் இடமும் அதே மாதிரி ஒரு கோடு போடும், ஆனால் குறி திரும்பாது. உண்மையான கோடாகவே இருந்தாலும் அது சொல்வது அதற்குக் கீழே கொஞ்சம் வாயு நிற்கிறது என்பதைத்தான். மேலே எவ்வளவு ஐதரேற்று, மணலிலா களியிலா என்று அது சொல்லாது. துளையிட்டு மாதிரி எடுக்காமல் "மன்னாரில் இவ்வளவு" என்று எண் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

ஆகவே என் பதில்: ஐதரேற்றில் இருந்து வாயு எடுக்க என்று இலங்கை அரசு ஒரு ரூபாயும் போடக்கூடாது. மொத்த ஆராய்ச்சிக்கே தேசிய உற்பத்தியில் 0.1 வீதம் என்ற அளவில் செலவிடும் நாடு, யப்பான் இருபது வருடத்துக்கு மேல் போட்டும் முடியாததைத் தனியாகத் தொடங்குவது சரியில்லை. கண்டுபிடித்த சாதாரண வாயுவை முதலில் கரைக்குக் கொண்டுவர வழி பார்க்க வேண்டும், அதற்கும் காலம் கடந்துகொண்டிருக்கிறது, சூரிய மின்சாரம் மலிவாகிக்கொண்டே போகிறது. ஆனால் கடலடியை அறிவதற்காகப் போடும் காசு வேறு கணக்கு. 2009இல் ஐநாவுக்கு எங்கள் கண்டமேடை உரிமைக் கோரிக்கையைக் கொடுத்தோமே, அதன் அடிப்படையே கடலடியில் அடையல் எவ்வளவு தடிப்பு என்ற அளவீடுதான். அந்த ஆய்வுக்குப் போன காசு எத்தனை பீப்பாய் எண்ணெய் தந்தது என்று யாரும் கேட்கவில்லை, கேட்கவும் தேவையில்லை, ஒரு பெரிய கடற்பரப்பின் மேல் உரிமை பேச அதுதான் எங்களிடம் இருக்கும் சான்று. அந்த அறிவைத் தொடர்ந்து வைத்திருக்க ஆட்கள் வேண்டும். பேராதனையில் இருந்தும் காக்கைத்தீவில் உள்ள நாரா என்ற நீர்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தும் வருடத்துக்கு இரண்டு பேரைச் சென்னைக்கோ யப்பானுக்கோ இப்படியான பயணங்களில் அனுப்பி வைத்தால், செலவு ஒரு அமைச்சின் வாகனச் செலவுக்குக் கிட்டவும் வராது.

அதைவிட மலிவான ஒன்று இருக்கிறது, இதைச் சம்பந்தப்பட்ட யாராவது வாசித்தால் நல்லது. ஆழ்கடலில் வாயுக் கிணறு போடும்போது மேலேயுள்ள முதல் சில நூறு மீற்றரை அவசரமாகத் துளைத்துவிட்டுப் போவார்கள். அந்தக் கட்டத்தில் மேலே வரும் குழாய் இணைத்திருக்காது, வெட்டிய மண் முழுவதும் கடலடியிலேயே கொட்டுப்படும், மாதிரி கப்பலுக்கு வராது. ஐதரேற்று இருப்பதானால் சரியாக அந்த மீற்றர்களில்தான் இருக்கும். மன்னாரில் அடுத்த கிணற்றுக்கு யார் வந்தாலும், அந்த மேல் பகுதியையும் துளையிடும்போதே மின்தடை, ஒலிவேகம் அளந்து பதிவை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று உரிம ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். கப்பல் எப்படியும் அங்கே நிற்கிறது, கருவியும் பெரும்பாலும் கப்பலிலேயே இருக்கும். உங்கள் கேள்விக்கு மன்னாரில் இருந்தே வரக்கூடிய முதல் நேரடி விடை அந்தப் பதிவில்தான் இருக்கும்.